நர்ஸ் பிராக்டிஷனருக்கும் ஒரு ஹவுஸ் சர்ஜன் வருடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவில் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் ஆவது எப்படி என்று ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. கோவில்பட்டியில் இருக்கும் என் சித்தி அதைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பி, "உன் வேலையப் பத்தித்தான் போட்டிருக்காங்க, பாரு" என்று எழுதியிருந்தார். சித்தியின் மகளும் இங்கே ஒஹையோவில் அதே படிப்பில்தான் இருக்கிறாள், அடுத்த மே மாதம் முடிக்கிறாள். என்ன படிக்க வேண்டும், எந்தத் தேர்வு எழுத வேண்டும், எவ்வளவு சம்பளம் வரும் என்பதெல்லாம் கட்டுரையில் சரியாகவே இருந்தது. ஆனால் பட்டம் வாங்கிய மறுநாள் என்ன ஆகிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் நர்ஸாக இருந்து, மேலே முதுநிலையோ டாக்டர் பட்டமோ படித்து, தேசிய அளவில் ஒரு தேர்வு எழுதி, தானே நோயாளியைப் பரிசோதித்து, இன்ன நோய் என்று சொல்லி, மருந்துச் சீட்டும் எழுதுபவர். 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கியது இது. ஃபோர்ட் அம்மையார் 104 வயது வரை வாழ்ந்து 2025 ஜனவரியில்தான் காலமானார். அவர் தொடங்கியபோது விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்தவர்கள் இன்று 4 லட்சத்துக்கும் மேல். அதில் பத்தில் ஏழு பேர் குடும்ப மருத்துவத்தில் இருப்பவர்கள், அதாவது கைக்குழந்தை முதல் தொண்ணூறு வயது தாத்தா வரை யார் வந்தாலும் பார்ப்பவர்கள்.

இனி நான் சொல்ல வந்தது. இந்தப் படிப்பில் நோயாளிகளை நேரில் பார்த்துப் பழகுவதற்கு இத்தனை மணி நேரம் என்று ஒரு குறைந்தபட்சக் கணக்கு உண்டு. ரொம்ப காலம் அது 500 மணி நேரமாக இருந்தது, 2022-இல் 750 ஆக்கினார்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் என்று போட்டுப் பாருங்கள், 19 வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது, ஐந்து மாதம்கூட இல்லை. இதே குடும்ப மருத்துவத்துக்கு வரும் ஒரு அமெரிக்க டாக்டர், மருத்துவக் கல்லூரியை முடித்த பிறகு மூன்று வருடம் ரெசிடென்சி, அதாவது மூத்தவர்களின் மேற்பார்வையில் சம்பளத்தோடு பயிற்சி, செய்தாக வேண்டும். நம் ஊரிலும் எம்.பி.பி.எஸ். முடித்தவர் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜனாக ஓடியாடினால்தான் முழு டாக்டர். அந்த ஒரு வருடம் எதற்கு என்று நம்மில் யாரும் கேட்டதில்லை, அதன் அவசியம் நமக்கே தெரியும். நர்ஸ் பிராக்டிஷனருக்கு அப்படிக் கட்டாயமான ஒரு வருடம் இங்கே கிடையாது. வெள்ளிக்கிழமை லைசன்ஸ் கைக்கு வந்தால் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தனி அறை, கதவில் பெயர்ப் பலகை, வெளியே வரிசையாக நோயாளிகள்.

"நீங்கள்தான் ஏற்கெனவே நர்ஸ் ஆயிற்றே, அனுபவம் இருக்குமே" என்பார்கள். இருந்தது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை வார்டில் நாலு வருடம், அப்புறம் ஹூஸ்டனில் இதய நோய் வார்டில் ஐந்து வருடம் டியூட்டி பார்த்தவள் நான். ஒருவருக்கு நிலைமை மோசமாகப் போகிறது என்பதை மானிட்டர் கத்துவதற்கு முன்பே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். அந்த அனுபவத்தை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வார்டுக்கு வரும் நோயாளிக்கு என்ன நோய் என்று ஏற்கெனவே ஒருவர் கண்டுபிடித்து கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறார். நர்ஸ் அதை வைத்துக்கொண்டு உயிரைக் காக்கிறார். ஓ.பி.யில் எதிரே வந்து உட்காருபவர் மேல் எந்தப் பெயரும் எழுதியிருக்காது. "அசதியா இருக்கு சிஸ்டர்" என்பார், அவ்வளவுதான். அந்த அசதி தூக்கமின்மையா, தைராய்டா, மனச்சோர்வா, ரத்தசோகையா, புற்றுநோயா என்று பதினைந்து இருபது நிமிடத்துக்குள் யோசித்து, எதை இன்றே பார்ப்பது, எதை அடுத்த வாரத்துக்குத் தள்ளுவது என்று முடிவெடுக்க வேண்டும். அது வேறு வேலை, வார்டில் கற்றுக்கொள்ளக் கிடைக்காத வேலை.

என் கதையைச் சொல்லாமல் இதைப் புரியவைக்க முடியாது. படித்து முடித்ததும் டெக்சாஸில் ஒரு சிறு ஊர் கிளினிக்கில் எனக்கு முதல் வேலை. இரண்டாவது வாரத்திலிருந்தே நாளைக்கு 18, 20 பேர். டெக்சாஸ் சட்டப்படி நர்ஸ் பிராக்டிஷனர் மருந்து எழுத ஒரு டாக்டரோடு ஒப்பந்தம் இருக்க வேண்டும், ஆனால் அந்த டாக்டர் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பது இல்லை. எனக்கான டாக்டர் வேறு ஊரில் இருந்தார், மாதத்துக்கு ஒரு முறை வந்து பத்து கேஸ்களைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். நல்ல மனிதர்தான், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் 58 வயது அம்மா ஒருவர் அசதி என்று வந்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 9.2, இரும்புச்சத்து நன்றாகக் குறைந்திருந்தது. ஊரில் எத்தனை ஆயிரம் பெண்களை இப்படிப் பார்த்திருக்கிறேன்! இரும்புச்சத்து மாத்திரை எழுதி, கீரை, பேரீச்சை என்று சாப்பாட்டைப் பற்றியும் பொறுமையாகப் பேசி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து வந்தபோது 10.4. இருவருக்குமே சந்தோஷம், மாத்திரையைத் தொடரச் சொன்னேன். மேலும் இரண்டு மாதம் போனது. ஒரு ராத்திரி வயிற்றுவலி தாங்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போனவருக்குப் பெருங்குடலின் வலது பக்கத்தில் புற்றுநோய் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

மாதவிடாய் நின்றுபோன ஒரு பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைந்தால், உடம்புக்குள் எங்கேயோ ரத்தம் கசிகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க அனுப்ப வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. லைசன்ஸ் தேர்வுக்கு இதைப் படித்தேன், பயிற்சிக் கேள்விகளில் சரியாக விடை சொன்னேன். ஆனால் புத்தகத்தில் படித்த அந்த வரி, மத்தியானம் மூன்று மணிக்குப் பதினாலாவது நோயாளியாக வந்து உட்கார்ந்த அந்த அம்மாவின் முகத்தோடு எனக்குள் சேரவில்லை. பக்கத்தில் ஒருவர் இருந்து "ரத்தம் எங்கம்மா போகுது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் சேர்ந்திருக்கும். அவருடைய கேஸ் அந்தப் பத்துக்குள் ஒரு மாதமும் வரவில்லை. அறுவை சிகிச்சை நடந்து அவர் பிழைத்துவிட்டார், அதற்கு நான் தினமும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் அந்த ஐந்து மாதத்தை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்பது மனதில் அப்படியே இருக்கிறது.

எட்டு மாதத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு, வாஷிங்டன் மாநிலத்தில் ஆப்பிள் தோட்டங்கள் நிறைந்த ஒரு பகுதியில் ஏழைகளுக்கான சமூக மருத்துவ மையம் ஒன்றில் ஒரு வருட ரெசிடென்சிக்குச் சேர்ந்தேன். சம்பளம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்தது. கணவரும் மகனும் ஹூஸ்டனிலேயே இருந்தார்கள், நான் மட்டும் போனேன். "படிச்சு முடிச்சு வேலைக்கும் போயாச்சு, மறுபடி எதுக்குப் பயிற்சி?" என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள், அம்மாவைத் தவிர.

இப்படிப்பட்ட பயிற்சியை நர்ஸ் பிராக்டிஷனர்களுக்காக முதன்முதலில் ஆரம்பித்தது கனெக்டிகட் மாநிலத்தில், 2007-இல், மிடில்டவுனைத் தலைமையிடமாகக் கொண்ட கம்யூனிட்டி ஹெல்த் சென்டர் என்ற அமைப்பு. அதன் பின்னால் இருந்தவர் மார்கரெட் ஃப்ளின்டர், அவரும் ஒரு ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர். காப்பீடு இல்லாதவர்கள், ஏழெட்டு வியாதிகளை ஒன்றாகச் சுமந்து வருபவர்கள், மொழி தெரியாதவர்கள் என்று வரும் இந்த மையங்களில் புதிதாகச் சேர்பவர்கள் திணறுவதைப் பார்த்துத்தான் இதைத் தொடங்கினார்கள். முதல் வருடம் நாலு பேர். அதைப் பார்த்து மற்ற மாநிலங்களில் மெல்ல மெல்லப் பரவியது. 2011-லிருந்து முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகள் சிலவற்றிலும் நர்ஸ் பிராக்டிஷனர்களையும் இளம் டாக்டர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அந்த ஒரு வருடத்தில் என்னதான் செய்வார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் மையத்தில் வாரத்தில் பாதி நாள் எனக்கென்று சொந்த நோயாளிகள் இருப்பார்கள். அந்த நேரம் முழுக்க ஒரு மூத்தவர், டாக்டரோ நர்ஸ் பிராக்டிஷனரோ, பக்கத்து அறையில் எங்களுக்காகவே உட்கார்ந்திருப்பார். இதில் முக்கியமானது எதுவென்றால் அந்த நேரத்தில் அவருக்கு என்று ஒரு நோயாளிகூடக் கிடையாது. நான் கதவைத் தட்டினால் அவசரப்படாமல் கேட்பார், தேவையென்றால் எழுந்து வந்து என்னோடு நோயாளியைப் பார்ப்பார். முதல் மாதம் அரை நாளைக்கு நாலைந்து பேர்தான் தருவார்கள், போகப்போகக் கூட்டுவார்கள், வருட முடிவில் நான் ஒன்பது பத்துப் பேரைப் பதற்றமில்லாமல் பார்த்தேன். மீதி நாட்களில் தோல், எலும்பு, மனநலம், பெண்கள் நலம், குழந்தைகள் நலம் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் சில வாரம். வாரத்தில் ஒரு மத்தியானம் வகுப்பு. முழங்காலில் ஊசி போடுவது, கருத்தடைச் சாதனம் வைப்பது, தோலில் சின்னதாகச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது, போதை வலி மாத்திரைக்கு அடிமையானவர்களுக்கு அதிலிருந்து மீள ப்யூப்ரெனார்ஃபின் என்ற மருந்தைத் தொடங்குவது, இதெல்லாம் நான் கையால் கற்றது அங்கேதான்.

என்னைப் பார்த்துக்கொண்ட மூத்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு நர்ஸ் பிராக்டிஷனர். நான் என்ன சொன்னாலும் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்: "இதை இன்றைக்கு விட்டுவிட்டு அடுத்த மாதம் பார்த்தால் என்ன ஆகும்?" முதலில் எரிச்சலாக இருக்கும். ஆறேழு மாதத்தில் அவர் கேட்பதற்கு முன்பே எனக்குள் அந்தக் குரல் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஒரு தடவை ஆப்பிள் பேக்கிங் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர் விடாத இருமல் என்று வந்தார், இரண்டு இடத்தில் இரண்டு தடவை ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தார்கள். நான் மூன்றாவது கொடுக்கப் போனேன். மூத்தவர் என்னிடம் கோபப்படாமல், நோயாளி சாப்பிடும் மருந்துகளை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். மூன்றாவது வரியில் லிசினோப்ரில் என்று வாசித்ததும் நானே நிறுத்திவிட்டேன். ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கும் அந்த மாத்திரையே சிலருக்கு இருமல் வரவைக்கும். மாத்திரையை மாற்றினோம், சில வாரத்தில் இருமல் போய்விட்டது. இன்றைக்கும் இருமல் என்று யார் வந்தாலும் மருந்துப் பட்டியலைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கிறேன்.

சரி, இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லோருக்கும் இல்லை? முதல் காரணம் பணம். 2010-இல் ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்திலேயே ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர்களின் பயிற்சிக்கு என்று தனியாக ஒரு பிரிவு இருந்தது. சட்டத்தில் எழுதினார்கள், ஆனால் அதற்குக் காசு ஒதுக்கவே இல்லை. அதே 2010-இல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க மருத்துவ ஆலோசனை அமைப்பு வெளியிட்ட நர்ஸிங் எதிர்காலம் பற்றிய அறிக்கையும் இந்தப் பயிற்சி வேண்டும் என்று சொன்னது. அப்படியும் மையங்கள் பல வருடம் கைக்காசைப் போட்டுத்தான் நடத்தின. மத்திய அரசு இதற்கென்றே ஒரு நிதித் திட்டம் கொண்டுவந்தது 2019-இல்தான். டாக்டர்களின் ரெசிடென்சிக்கு இந்த நாட்டு அரசு வருடா வருடம் கொட்டிக்கொடுக்கும் தொகையோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

இன்னொரு காரணம் எங்கள் சங்கத்துக்குள்ளேயே இருக்கிறது. பட்டம் வாங்கித் தேர்ச்சி பெற்ற நர்ஸ் பிராக்டிஷனர் வேலைக்கு முழுத் தகுதி உள்ளவர், இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கக் கூடாது என்பது தேசிய சங்கத்தின் நிலைப்பாடு. அவர்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. அறுபது வருடமாக ஒவ்வொரு மாநிலத்திலும் டாக்டர் சங்கங்களோடு போராடி வாங்கிய உரிமை இது, "எங்களுக்கு இன்னும் பயிற்சி வேண்டும்" என்று நாமே சொன்னால் அதையே பூட்டாக மாட்டிவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் என்னால் சங்கத்தோடு ஒத்துப்போக முடியவில்லை. கனெக்டிகட்டில் 2014-இல் வந்த சட்டப்படி மூன்று வருடம், 2,000 மணி நேரம் ஒரு டாக்டரோடு ஒப்பந்தத்தில் இருந்தால் அப்புறம் தனியாகத் தொழில் செய்யலாம். டெக்சாஸில் ஒப்பந்தம் கடைசிவரை இருக்க வேண்டும். இரண்டிலுமே ஒப்பந்தத் தாள் இருக்கிறதா என்று பார்க்கிறார்களே தவிர, பக்கத்து அறையில் ஆள் இருக்கிறாரா என்று யாரும் பார்ப்பதில்லை. எனக்கும் டெக்சாஸில் தாள் இருந்தது. அந்த அம்மாவுக்கு அது எந்த விதத்தில் உதவியது?

இதைத் தமிழ்ப் பத்திரிகைக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நம் நாட்டிலும் இந்தப் பாதை திறந்துகொண்டிருக்கிறது. 2017 தேசிய சுகாதாரக் கொள்கையிலேயே நர்ஸ் பிராக்டிஷனர் என்ற சொல் வந்துவிட்டது. இந்திய நர்ஸிங் கவுன்சில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இரண்டு வருட முதுநிலைப் படிப்பு வைத்திருக்கிறது, அதுவே ரெசிடென்சி முறைதான். பிரசவம் பார்க்கும் நர்ஸ் பிராக்டிஷனருக்கு 18 மாதம் என்று 2018-இல் மத்திய அரசு வழிகாட்டுதல் வந்தது. ஆனால் கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் போய் உட்காரும் சமுதாய சுகாதார அலுவலருக்கு? ஆறு மாத இணைப்புப் படிப்பு. இந்தக் கணக்கைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்கவில்லை. ஐ.சி.யு.வில் மானிட்டர் இருக்கிறது, லேப் இருக்கிறது, கூப்பிட்டால் ஓடிவர டாக்டர் இருக்கிறார், அங்கே வேலை செய்பவருக்கு இரண்டு வருடம். எதுவுமே இல்லாத இடத்தில் தனியாக உட்காருபவருக்கு ஆறு மாதம். அவர் எழுதும் மருந்துக்கு எல்லை உண்டு, சந்தேகம் வந்தால் டாக்டரை வீடியோவில் கேட்கலாம் என்பது உண்மைதான். ஆனால் சந்தேகம் வர வேண்டுமே! எனக்கு அந்த அம்மாவின் விஷயத்தில் சந்தேகமே வரவில்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மருந்து வீட்டு வாசலுக்கே போகிறது. என் பெரியம்மாவுக்கும் அப்படித்தான் கிடைக்கிறது, நல்ல திட்டம். அந்த வாசலுக்குப் போகும் நர்ஸ்தான் நாளைக்கு நம் ஊர் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனராக ஆகப்போகிறவர். அப்படி ஒரு பதவியை அரசு கொண்டுவரும்போது, பட்டத்துக்குப் பின்னால் ஒரு வருடப் பயிற்சியையும் முதல் நாளிலேயே சேர்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அறுபது வருடமாகியும் சேரவில்லை. அந்த வருடத்தை மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மட்டும் வைக்காமல் பாதி நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், பக்கத்தில் ஒரு மூத்தவரோடு வைக்க வேண்டும். அந்த மூத்தவருக்கு அன்றைக்கு ஓ.பி. டியூட்டி போடக் கூடாது. நம் ஊர் கூட்டத்துக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அறுபது எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ஊரில் இருந்த எல்.எம்.பி. டாக்டர்கள், அதாவது எம்.பி.பி.எஸ்.ஸைவிடக் குறுகிய படிப்பு படித்து வந்தவர்கள், ஞாபகம் இருக்கும். சுதந்திரத்துக்கு முன் அரசு அமைத்த, ஜோசப் போர் என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழு 1946-இல் சொன்னதன் பேரில் அந்தப் படிப்பையே மூடினார்கள், டாக்டர் என்றால் ஒரே தரம்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். நாளைக்கு நர்ஸ் பிராக்டிஷனர் வந்தாலும் "ஏழைக்கு மட்டும் அரை டாக்டரா" என்ற கேள்வி கட்டாயம் வரும், வரவும் வேண்டும். நல்ல பயிற்சி கொடுத்திருந்தால்தான் அதற்கு நேராக நின்று பதில் சொல்ல முடியும்.

இங்கே படித்துக்கொண்டிருக்கும், படிக்க வரப்போகும் பிள்ளைகளுக்கு ஒன்று. வேலைக்கு இன்டர்வியூ போகும்போது சம்பளம் கேட்பதற்கு முன்னால், முதல் மாதம் நாளைக்கு எத்தனை நோயாளிகள் என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது, அவர் அதே கட்டடத்தில் இருப்பாரா, அவருக்கு அந்த நேரத்தில் எத்தனை நோயாளிகள் என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ரெசிடென்சி இடங்கள் குறைவு, பெரும்பாலும் புதிதாகப் படித்து முடித்தவர்களைத்தான் எடுப்பார்கள், அதனால் கடைசி வருடம் தொடங்கும்போதே விண்ணப்பிக்க ஆரம்பியுங்கள். விசாவில் இருப்பவர்கள் அந்த மையம் உங்களை எடுத்துக்கொள்ளுமா என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சித்தி மகளுக்கு இப்போது கையில் இரண்டு வாய்ப்புகள். ஒன்று கடைவீதியில் இருக்கும் ஒரு கிளினிக், நல்ல சம்பளம். இன்னொன்று ஒரு சமூக மருத்துவ மையத்தில் ஒரு வருடப் பயிற்சி, சம்பளம் குறைவு. நிலத்தை அடமானம் வைத்து அவளை அனுப்பிய சித்தப்பா போன வாரம் போன் செய்து எதில் சேரச் சொல்வது என்று கேட்டார். குறைந்த சம்பளத்தில் சேரச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டார். அவர் தினமும் காலையில் உங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர். நான் போனில் சொல்ல முடியாமல் விட்டதை, அந்த 58 வயது அம்மாவின் கதையையும் சேர்த்து, அவர் இதில் படிக்கட்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதினேன்.

இப்படிக்கு,
தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர்,
வாஷிங்டன் மாநிலம், அமெரிக்கா